விளக்கு அணையும், வண்டி ஓடும்

சென்னைப் புறநகர் மின்ரயிலில் சில இடங்களில் விளக்குகள் திடீரென்று அணைந்து, சில நொடிகளில் தாமே எரிகின்றன. இது பழுதல்ல. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் ஓடுகிறது. கூரையிலுள்ள பேன்டோகிராஃப் அதை உரசியபடியே எடுத்துக்கொள்கிறது. மின்தொகுப்பின் மூன்று ஃபேஸ்களில் ஒன்றின்மேலேயே சுமை ஏறிவிடக் கூடாது என்பதால், தடத்தின் அடுத்தடுத்த பகுதிகளுக்கு வெவ்வேறு ஃபேஸிலிருந்து மின்சாரம் தருகிறார்கள். இரண்டையும் பேன்டோகிராஃப் ஒருசேர இணைத்துவிட்டால் தீப்பொறி பறந்து கம்பியே கருகிவிடும். ஆகவே இடையில் கொஞ்ச தூரம் மின்சாரமில்லாத கம்பி. நியூட்ரல் செக்‌ஷன் என்பார்கள். 500 மீட்டருக்கும் 250 மீட்டருக்கும் முன்பே எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். (1931இல் கடற்கரை – தாம்பரம் தடம் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கியபோது ஃபேஸ் என்ற தொல்லையே இல்லை.)

அந்த நொடிகளில் பெட்டிக்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கு அக்கணமே அணைகிறது. மின்விசிறி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. வண்டியோ எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறது. மூன்றுக்கும் ஆதாரம் ஒரே மின்சாரம்தான். ஆனால் சார்ந்திருக்கும் விதம் வேறு. உலகம் இறைவனைச் சார்ந்தது என்று சமயங்கள் சொல்லும்போது எந்த விதத்தைச் சொல்கின்றன? படைத்ததோடு அவன் வேலை முடிந்து உலகம் வண்டிபோல ஓடுகிறதா, இல்லை விளக்குபோலக் கணந்தோறும் அவனை வேண்டி நிற்கிறதா? சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களில் காத்தலைப் படைத்தலிலிருந்து பிரித்து வைக்கிறது. ஒரு பொருளை நிலைக்க வைக்கவும் அதைப் படைக்கும் அளவுக்கே ஆற்றல் வேண்டும் என்று தத்துவஞானி தெக்கார்த்தும் 1641இல் வாதிட்டார்.

இதற்கு எதிராக நியூட்டனைக் கொண்டுவருவார்கள். ஓடும் பொருள் தடையில்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். அதுபோல இருக்கும் பொருளும் இருந்துகொண்டே இருக்கும், தாங்க யாரும் வேண்டாம் என்பது வாதம். குயவன் கையெடுத்த பிறகும் சுழலும் சக்கரத்தைச் சங்கரரும் காட்டுகிறாரே என்றும் கேட்கலாம். ஆனால் அவர் அதைக் காட்டியது ஞானம் வந்தபின்னும் ஞானியின் உடல் ஏன் நீடிக்கிறது என்பதற்கு. உலகத்தின் இருப்பைப் பற்றியல்ல. முக்கியமான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வேகத்தைச் சுமக்க வண்டி என்ற ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். அதன் நிறைதான் மின்சாரமில்லாத தூரத்தைக் கடக்க வைக்கிறது. இருப்பைச் சுமக்க, இருப்புக்கு முன்னால் எது இருக்கும்? சுமப்பதற்கு ஒன்று இல்லாதபோது, ஓட்டத்தின் நியதியை இருப்புக்குக் கடன் வாங்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சில விளக்குகள் மின்கலத்தில் தொடர்ந்து எரிகின்றனவே என்றால், மின்கலமும் முன்பு கம்பியிலிருந்து ஏற்றிக்கொண்டதுதான். அது சார்பைத் தள்ளிப்போடுகிறது, நீக்கவில்லை.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: காரணமில்லாமல் எதுவும் மறையாது, ஆகவே நீடிப்பதற்கு விளக்கம் தேவையில்லை, மறைவதற்குத்தான் தேவை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பௌத்தத் தருக்கவாதிகள் நேரெதிராகச் சொன்னார்கள்: அழிவுக்குக் காரணமே வேண்டாம், ஒவ்வொரு பொருளும் தோன்றிய கணத்திலேயே அழிவது; நீடிப்பதாகத் தெரிவதுதான் விளக்கப்பட வேண்டியது. இத்தனை நுட்பமானவர்கள் மறுத்த ஒன்றைத் தானே விளங்கும் உண்மையென்று வைத்து வாதத்தைத் தொடங்க முடியாது. அதே பௌத்தர்கள் இறைவனையும் ஏற்கவில்லை. முந்தைய கணம் அடுத்த கணத்துக்குக் காரணமாவதே போதும் என்றார்கள். ஆகவே உலகம் கணந்தோறும் ஏதோ ஒன்றைச் சார்ந்திருக்கிறது என்பதுவரை இந்த வாதம் கொண்டுபோகும். அந்த ஒன்று வழிபடத்தக்கவன் என்று காட்ட, ஆத்திகர் வேறு சான்றோடுதான் வர வேண்டும்.