மேடையில் அடிவாங்கிய மனைவி

ஜொகூரில் ரப்பர் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், மாரியம்மன் திருவிழா என்றால் ஓர் இரவு நாடகத்துக்கு என்றே இருக்கும். காலையில் பால்மரம் வெட்டியவர்களே இரவில் ராஜாவும் மந்திரியும். புராணக் கதைக்கு நடுவே ஒரு கோமாளிக் காட்சி வரும். கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வரும் புருஷன். வாசலில் விளக்குமாற்றோடு நிற்கும் பெண்டாட்டி. அவள் வைவாள், அவன் அடிப்பான். கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். பாயில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த மனைவி ஓர் ஆண் என்பது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெண்கள் மேடையேறினால் குடும்பத்துக்கு இழுக்கு என்ற காலம். சேலை கட்டி மை தீட்டி நிற்பவர் பக்கத்து லயத்து அண்ணன் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வலிக்காது என்பதும் தெரியும். அதனால்தான் அப்படிச் சிரிக்க முடிந்தது. அந்தக் காட்சியில் என் அம்மா சிரித்தாரா? தெரியவில்லை. அவர் முகத்தை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

இந்த வழக்கம் தோட்டத்தோடு நிற்கவில்லை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, படித்தவர்களும் மேடையேறலாம் என்ற மதிப்பைத் தமிழ் நாடகத்துக்குத் தேடித் தந்தது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்த அந்தச் சபையிலும் பெண் வேடம் ஆண்களுக்கே. நம் மேடையில் மனைவியின் துயரம் என்று நெடுங்காலம் நாம் பார்த்தது, கணவன்மார் கற்பனை செய்த துயரம்தான்.

அந்தத் துயரத்தைச் சிரிப்போடு சேர்த்துக் காட்டவும் முடியும். தம்பதியரைப் பற்றிய அவல நகைச்சுவை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஆங்கில நாடகாசிரியர் ஆலன் ஐக்பர்னின் ‘அப்சர்ட் பெர்சன் சிங்குலர்’. 1972இல் முதலில் மேடையேறியது. மூன்று தம்பதியர், மூன்று கிறிஸ்துமஸ், மூன்று சமையலறைகள். இரண்டாம் அங்கத்தில் ஈவா என்ற பெண்ணை அவள் கணவன் விட்டுப் போகப்போகிறான். விருந்தினர் நிறைந்த வீட்டிலேயே அவள் உயிரை விடப் பார்க்கிறாள். அடுப்பருகே அவள் குனிந்திருப்பதைக் கண்ட ஒருத்தி, பாவம், சுத்தம் செய்கிறாள் என்று எண்ணித் தானே தேய்க்க உட்கார்ந்துவிடுகிறாள். விளக்கருகே அவள் நிற்பதைக் கண்ட ஒருவர், பழுதுபார்க்கக் கிளம்புகிறார். எல்லோரும் நல்லவர்கள், உதவுகிறவர்கள். என்னம்மா ஆச்சு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஈவா அந்த அங்கத்தில் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், பிறகு அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த, குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை ஈவாவைப் போன்றவள் இங்கே பிழைத்தால், அவள் குற்றவாளி.

ஈவாவின் அந்தச் சமையலறை நமக்கும் தெரிந்ததுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் மாசாய், ஸ்கூடாய், உலு திராம் தாமான்களில் வந்து குடியேறினோம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் விடியுமுன் பாலத்தைக் கடக்கப் புறப்படுகிறார், ஊரடங்கிய பின் திரும்புகிறார். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசக் கிடைப்பது களைத்துப்போன ஒரு மணி நேரம். சுவருக்கு அப்பால் பாத்திரம் விழுகிறது, ஒரு குரல் உயர்கிறது, ஒரு குரல் அடங்குகிறது. நாம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறோம். தீபாவளிக்குத் தட்டு நிறைய முறுக்கு கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குழு அந்தச் சத்தத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. 1998இல் சிங்கப்பூரின் அக்னிக் கூத்து, இளங்கோவனின் ‘தலாக்’ நாடகத்தைத் தமிழில் அரங்கேற்றியது. மணவாழ்க்கைக்குள் நடக்கும் வன்புணர்வைப் பேசிய நாடகம். மனைவியாக நடித்தவர் நர்கிஸ் பானு, ஒரு பெண். கண்டனங்கள் எழுந்தன. அதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் நடத்த முயன்றபோது, 2000இல் உரிமம் மறுக்கப்பட்டது. சேலை கட்டிய ஆண் அடிவாங்கினால் திருவிழா; ஒரு பெண் தன் வாயால் சொன்னால் பிரச்சினை.

நம் நாட்டிலும் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. ஆனாலும், கணவன் மனைவியை வற்புறுத்திப் புணர்வதைக் குற்றவியல் சட்டத்தின் 375ஆம் பிரிவு வன்புணர்வாகக் கொள்வதில்லை. அவளைக் காயப்படுத்தினாலோ அச்சுறுத்தினாலோ மட்டும் ‘375ஏ’ பிரிவின்கீழ் 5 ஆண்டுவரை சிறை.

கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளி மேடையிலும் வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்க்கும் நண்பர்களே, புருஷன் பெண்டாட்டி நாடகத்தை விட்டுவிடாதீர்கள். சிரிப்பும் இருக்கட்டும். மனைவி வேடத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள். வசனம் எழுத உட்காருமுன் அவரிடம் கேளுங்கள். நாடகத்தன்று மண்டப வாசலில் 15999 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அது ‘தாலியான் காசே’ என்ற உதவி எண். இரவு எந்நேரம் அழைத்தாலும் எடுப்பார்கள்.