மறுப்பதற்கு முன்

அவிநாசி, பெருந்துறை, சென்னிமலைப் பக்கங்களில் நடுகல்லும் கல்வெட்டும் தேடிப் போகிறவர்களில் பலர் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லர். எழுத்துப் பள்ளங்களில் மைதா மாவைத் தேய்த்து, மறைந்துபோன வரியை வெளியே கொண்டுவருபவர்கள் இவர்கள்தாம். மாவு படிந்த அந்த எழுத்து ‘ப’வா ‘ய’வா என்று எழும் கேள்வி பல நேரம் எழுத்தோடு நிற்பதில்லை. கேட்டவரின் தகுதி, சாதி, உள்நோக்கம் எல்லாம் வழக்குக்குள் இழுக்கப்படுகின்றன. இதை நாகரிகக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எதிர்க்கருத்தை மதிப்போடு நடத்துவது உண்மையை அறியும் முறையிலேயே ஓர் உறுப்பு. அது கெட்டால் அறிவும் கெடும்.

இதை நமக்கு முன்பே சொன்னவர் கொங்கு நாட்டுக்காரர். நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்பது இங்குள்ள வழக்கு. நூலாசிரியன் கொள்ளத்தக்க எழுவகை மதங்களை, அதாவது கருத்து நிலைகளை, அவர் வகுக்கும்போது, உடன்படுதலையும் மறுத்தலையும் அடுத்து, பிறர் கருத்தை முதலில் மேற்கொண்டு பின்னர் களைவதையும் வைக்கிறார். எதிராளியின் வாதத்துக்குள் போய் நின்று பார்த்த பிறகே அதைத் தள்ள வேண்டும். அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர் முதலானோரின் கொள்கைகளை வரிசையாக எடுத்துரைத்த பின்பே மறுக்கிறார். தெய்வமே இல்லை என்பவன் வாதத்தைத் தமிழில் படிக்க இன்றும் ஒரு சைவரின் நூலுக்குப் போக முடிகிறது என்றால், அந்த முறையின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமா?

நம் காலத்துச் சான்றும் உண்டு. பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் ஜாடியில் நெல்லும், ‘வய்ர’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்துள்ள தாங்கியும் கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தமிழ் எழுத்து அசோகருக்கு முந்தியது என்றார் ராஜன். அசோகர் காலப் பிராமியிலிருந்தே அது வந்தது என்று கருதிவந்த ஐராவதம் மகாதேவன், ஒரே ஒரு காலக்கணிப்பைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்றார். மகாதேவனும் ஆட்சிப்பணியிலிருந்து ஆர்வத்தால் இத்துறைக்கு வந்தவர்தாம். அவரைத் தமிழ்ப் பகைவர் என்று ஏசியிருந்தால் நெல்லுக்கு ஒரு வயதும் கூடியிருக்காது. மேலும் சான்று வேண்டும் என்ற மறுப்புக்கு மண்ணில்தான் விடை தேட வேண்டும். பின்னர் நொய்யல் கரைக் கொடுமணலிலிருந்து வந்த கணிப்புகளில் சிலவும் அசோகருக்கு முந்தியவையாக இருந்தன. விவாதம் முடியவில்லை, ஆனால் முன்பைவிடக் கூடுதல் சான்றோடு நடக்கிறது. இதற்கு மாறாக, பாடல்கள் அருளால் வந்தனவா மருளால் வந்தனவா என்ற அருட்பா மருட்பா சர்ச்சை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. ஒரு பாடலை அருட்பா என்று எதைக் கொண்டு சொல்வது என்ற அரிய கேள்வி வசைக்கு அடியில் புதைந்தது.

நயமாகப் பேசுவது உறுதியின்மைக்கு அடையாளம் என்பார்கள். பவணந்தியாரின் ஏழாவது மதமோ பிறர் கருத்தோடு கூடாமல் தன் கருத்தில் நிற்பது. மூன்றாவதும் ஏழாவதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘மரியாதையாகப் பேசு’ என்பது இந்த மண்ணில் காலங்காலமாகத் தாழ்த்தப்பட்டவர்களின் வாயை அடைக்கப் பயன்பட்ட சொல். கோபத்தோடு கேட்டதாலேயே அவர்கள் கேள்வி தள்ளப்பட்டது. இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆகவே நான் கேட்கும் மரியாதை குரலின் தணிவு அன்று. எதிர்வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ளும் கடமை. அந்தக் கடமை வலியவர்மேல்தான் முதலில் விழுகிறது. ஒருவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்துவது நன்னூல் சொல்லும் மதம் எதிலும் அடங்காது. நிறுத்தப்பட்டவர் எவ்வளவு உரக்கக் கேட்டாலும், அவர் கேட்பதற்குக் காரணத்தோடு விடை சொல்ல வேண்டியவர் நிறுத்தியவர்தான்.