கன்றின் பங்கு

 

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதம் பூண்டோர் நீக்கவேண்டிய குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிய பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜினாலய மண்டபத்தில் சிறுவர்க்கு இப்பாடத்தை நடத்தினேன். 10 வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “பாட்டி, கன்று குடிக்கவேண்டிய பாலை நாம் கறந்து குடிப்பது ஐந்தாவது குற்றத்தில் சேருமா?” என்று கேட்டாள். 35 ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவள் நான். விடை தெரியாதபோது ‘நாளை சொல்கிறேன்’ என்பதே ஆசிரியர்க்கு அழகு என்று பயிற்சிப் பள்ளியில் கற்பித்தார்கள். அவ்வாறே சொன்னேன். அந்த ‘நாளை’ வருவதற்குப் பல வாரங்கள் ஆயின.

நம் முன்னோர் பாலை விலக்கவில்லை. புலால், கள், தேன் ஆகியவற்றை விலக்கியவர்கள் பாலை ஏற்றனர். ஆதிபகவன் ஓராண்டு உணவின்றி இருந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கருப்பஞ்சாற்றை ஏற்றார். பின்வந்த தீர்த்தங்கரர்கள் பாலன்னம் ஏற்றனர் என்றே புராணம் கூறும். எனவே பால் உண்பவரைப் பழிப்பது என் நோக்கமன்று.

ஆயினும் அந்தப் பால் எவ்வாறு வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். என் தாயார் பசுவின் ஒரு காம்பைக் கன்றுக்கென்றே விட்டுவிடுவார். கன்று ஊட்டிய பின்னரே செம்பை எடுப்பார். காளைக்கன்று ஏருக்கும் வண்டிக்கும் வேண்டியதாயிருந்தமையால் அதுவும் வீட்டுப் பிள்ளையாய் வளர்ந்தது. இன்று ஏரின் இடத்தில் டிராக்டர் உழுகிறது. காளைக்கன்றைப் பேணுவார் அரியர். இறந்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தாயின் முன் நிறுத்திக் கறக்கும் வழக்கமும் உண்டு. கறவை நின்ற பசு சந்தையிலிருந்து எங்கே போகிறது என்பதையும் நாம் அறியாதவர் அல்லோம். பாக்கெட்டில் வரும் பாலில் கன்றின் பங்கு எவ்வளவு விடப்பட்டது என்று நம்மில் எவரால் சொல்லமுடியும்?

இவ்விடத்தில் நம் அறநூல் மற்றொரு வழியையும் காட்டுகிறது. புறத்தவம் ஆறனுள் நான்காவது ரசப் பரித்தியாகம், அதாவது சுவை துறத்தல். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய ஆறனுள் இயன்றதைத் துறப்பதே அது. நாம் பெரிதும் விரும்பும் நெய்ப்பொங்கலையும் பால் பாயசத்தையும் எண்ணுங்கள். இந்த ஆறனுள் பலவும் அவற்றிலேயே குவிந்திருப்பது விளங்கும்.

உடல் நலமும் இதையே வேண்டுகிறது. நெய்யில் நூற்றுக்கு 60 பங்குக்குமேல் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் ஏறக்குறைய 15 பங்கே. அக்கொழுப்பு நாளொன்றுக்கு உண்ணும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு நெறிமுறையில் கூறியுள்ளது. 2000 கலோரி உண்பவர்க்கு அது 22 கிராம் அளவாகும். பொங்கலில் விடும் இரண்டு மேசைக்கரண்டி நெய்யிலேயே 18 கிராம் வந்துவிடும்.

நான் செய்து பார்த்த முறையைக் கூறுகிறேன். ஒரு பங்கு பச்சரிசிக்கு அரைப்பங்கு பாசிப்பருப்பை வறுத்துச் சேர்த்து, நீர் தாராளமாக விட்டுக் குழைய வேகவிடவேண்டும். பத்து முந்திரிப் பருப்பை ஊறவைத்து மைய அரைத்துக் கலந்தால் நெய்யின் குழைவு வந்துவிடும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து, இஞ்சிக்குப் பதிலாகச் சுக்குப்பொடி தூவினால் மணத்திற்குக் குறைவில்லை. பாசிப்பருப்புப் பாயசத்திற்குத் தேங்காயின் கெட்டியான முதற்பாலை விடுத்து, இரண்டாம் பாலுடன் ஊறவைத்து அரைத்த பாதாம் விழுதைச் சேர்க்கலாம். இப்பாலை அன்றன்றே பகலில் பிழிந்து, கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கவேண்டும். தயிர்ச் சோற்றுக்கு இணையான மாற்று என் கைக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். தாவரத்திலிருந்து வந்ததெல்லாம் நலம் தருவதன்று. தேங்காய்க் கொழுப்பிலும் நிறைவுற்ற பங்கே மிகுதி. வெல்லமும் நீரிழிவுக்குச் சர்க்கரையைப் போன்றதே; தேனோ நமக்கு என்றும் ஆகாது. பாலை முற்றிலும் நீக்குவோர்க்கு வைட்டமின் பி12 குறையும். அச்சத்து தாவர உணவில் கிடைப்பதில்லை. ஆதலின் மருத்துவரைக் கேட்டு அதற்குரிய மாத்திரையை உட்கொள்ளவேண்டும். குழந்தைகள், கருவுற்றோர், முதியோர் இதில் கவனக்குறைவாய் இருத்தல் கூடாது.

ஒரு சுவைக்கு ஈடாக மற்றொரு சுவையைத் தேடுவது துறவாகுமா என்று சிலர் வினவலாம். நல்ல வினா. முந்திரி விழுதால் நாவை மகிழ்விப்பது தவமாகாது. ஆயின், அதனால் ஓர் உயிர்க்கு வரும் துன்பம் குறையுமானால், அங்கே கொல்லாமை விரதம் வலுப்பெறுகிறது. துன்பத்தை நீக்குவது விரதம். ஆசையைக் குறைப்பது தவம். முதற்படியில் கால் வைத்தவரே இரண்டாம் படியை எட்டமுடியும். இல்லறத்தார் ஏற்பது சிறு விரதம் என்பதனாலன்றோ அதற்கு அணுவிரதம் என்று பெயரிட்டனர்!

வரும் தசலட்சண நோன்பின் பத்து நாளும் ஒவ்வொரு வீட்டிலும் பாலையோ நெய்யையோ, இயன்ற ஒன்றை விட்டுப் பாருங்கள். எவரையும் வற்புறுத்த வேண்டா. பிள்ளைகளிடம் காரணத்தை மட்டும் எடுத்துக் கூறுங்கள். பத்து நாள் விட்டது பதினோராம் நாளில் பாதியளவாகத் திரும்பினாலும் அது நற்பயனே.

மறுபடியும் ஒரு ஞாயிறன்று அச்சிறுமியை அழைத்து, “கன்று பசித்திருக்கக் கறந்தால் சேரும், அம்மா. சேராதபடி வாழப் பாட்டியும் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன்” என்றேன். “அப்படியானால் நாம் இருவரும் ஒரே வகுப்பு” என்று சொல்லிச் சிரித்தாள்.

வாழ்க ஜினதர்மம்! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!