பத்துத்தூண் சந்தில் அண்ணாந்து பார்த்தால்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக விரிகிறது. மதிலுக்குள் ஆடி வீதிகள். வெளியே வர வர சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள். மாசி வீதிகளைத் தாண்டியதும் தெருப் பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த நில அளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள் ஆகியோர் பெயரில் இன்றும் வீதிகள் உள்ளன. ஒரு மேஸ்திரியின் பெயரைத் தெருப்பலகையில் தாங்கி நிற்கும் ஊர்கள் குறைவு. மதுரைக்கு அது பெருமை.

பிளாக்பர்ன் நினைவாக எழுப்பிய விளக்குத்தூண் அருகிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பத்துத்தூண் சந்து. இருபுறமும் ஜவுளிக் கடைகள். சேலையும் துண்டும் வாசல்வரை தொங்கும். துணிகளுக்கு மேலே பார்வை போனால்தான் தெரியும், சந்தின் ஓரத்தில் பத்துக் கருங்கல் தூண்கள் மாடி உயரத்துக்கு வரிசையாக நிற்கின்றன. ஒருவர் கட்டிப்பிடித்தால் கைகள் சேராத பருமன். திருமலை நாயக்கர் அரண்மனையில் எஞ்சியவை அவை. மேலே கூரை கிடையாது. விலை பேசி, பையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற பலர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. பழகிய இடத்தில் கண் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வாழ்கிற ஊரையே பார்க்காமல் வாழ்ந்து முடிப்பது இப்படித்தான் நடக்கிறது.

கோயிலின் கிழக்கே உள்ள புது மண்டபம், வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. நாயக்க மன்னர்களின் சிலைகள் கொண்ட தூண்களுக்கு நடுவே நெடுங்காலம் கடைகள் இருந்தன: வளையல், பித்தளைப் பாத்திரம், புத்தகம். தையற்காரர்களும் தூணடிகளில் மிஷின் போட்டிருந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் அணியும் தலைப்பாகையும் சல்லடமும் அங்கேதான் தைக்கப்பட்டன. யாளியின் காலடியில் சிவப்புத் துணி குவிந்து கிடக்கும். மிஷின் மிதிக்கும் சத்தம் கல்லில் பட்டு எதிரொலிக்கும்.

கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்துக்கு அது நல்லது. சிற்பங்களை மறைக்க இனி எதுவுமில்லை. ஆனால் கல்லும் துணியும் சேர்ந்திருந்த அழகு போய்விட்டது. மதுரைக்குப் போகிறவர்கள் மண்டபத்தோடு நின்றுவிடாமல், சத்திரத்துக்கும் சென்று அந்தத் தையற்காரர்களின் வேலையைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.