சும்மா இருத்தல்

‘சும்மா’ என்ற வினையடை தான் சேரும் வினையை நிறுத்துவதில்லை. அதன் நோக்கத்தை மட்டும் கழற்றிவிடுகிறது. சும்மா வந்தேன் என்பவர் வந்திருக்கிறார். வந்த காரியம்தான் இல்லை. சும்மா கொடுத்தது கைம்மாறு கேளாமல் கொடுத்தது. ‘இரு’ என்பதோடு சேரும்போதுதான் குழப்பம் வருகிறது. துறுதுறுக்கும் பிள்ளையிடம் சொன்னால் ‘அடங்கு’ என்று பொருள். சைவர்களுக்கோ அதுவே உபதேசம். முருகன் அருணகிரிநாதருக்குச் சொன்னதாகக் கந்தர் அநுபூதி வழியே அறியப்படுவது. தாயுமானவர் தம் மௌனகுருவிடம் பெற்றது. திருவண்ணாமலையில் ரமணரும் யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமியும் வந்தவர்களுக்குச் சொன்னது.

கை கால் அசையாமல் கிடப்பதே இதன் பொருளானால் சோம்பேறி எல்லாரும் சித்தர்கள். 13-ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் காட்டும் வழி வேறு. அதன் 10-ஆம் சூத்திரம், இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்பவனை ஆணவ மலமும் மாயையும் வினையும் பற்றா என்கிறது. அங்கே பணி ஓய்வதில்லை, ‘நான் செய்கிறேன்’ என்ற தற்போதமே ஓய்கிறது. வந்த காரியம் இல்லாமல் வந்தவரைப் போலவே, செய்பவன் இல்லாமல் செயல் நடக்கிறது.

இதை உரைத்துப் பார்க்க நல்ல இடம், மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே உள்ள இரும்பை. சம்பந்தர் பாடிய இரும்பைமாகாளம் இதுதான். ஊர்க் கதையில், கடுவெளிச் சித்தர் மரத்தடியில் உதிர்ந்த இலையைத் தின்று தவத்தில் அமர்ந்திருக்கிறார். மழை பொய்க்க, அவருடைய தவத்தின் வெப்பமே காரணம் என்று அரசன் ஒரு நடனப் பெண்ணை அனுப்பித் தவத்தைக் கலைக்கிறான். பின்னர் கோயில் விழாவில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழுகிறது. ஆட்டம் தடைப்படாதபடி சித்தர் அதை எடுத்து அவள் காலில் அணிவிக்கிறார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. அவர் சினந்து பாட, மாகாளேசுவரர் லிங்கம் வெடித்துச் சிதறுகிறது. இன்றும் அதற்குச் செப்புத் தகடு பொருத்தியே வழிபாடு நடக்கிறது.

தவத்தைக் காட்டிலும் சிலம்பு அணிவித்ததே சும்மா இருத்தலுக்கு நெருங்கிய செயல். அதில் ஆசையும் இல்லை, பார்ப்பவர் என்ன நினைப்பார் என்ற கூச்சமும் இல்லை. சிரிப்பு காதில் விழுந்ததும்தான் ‘என்னையா’ என்ற ஒருவர் அங்கே எழுந்துவிடுகிறார். கதை சித்தரைக்கூட விட்டுவைக்கவில்லை. அதுவே அதன் நேர்மை.

சும்மா இருக்கும் நிலை எய்தியவருக்குச் சினம் எப்படி வரும்? சித்தாந்தம் இதற்கு வாசனாமலம் என்று விடை வைத்திருக்கிறது. கழுவிக் கவிழ்த்த பெருங்காயப் பாண்டத்தில் மணம் நிற்பது போல, மலம் நீங்கியும் அதன் வாடை உடம்பு உள்ளவரை தொடரும். அதனால்தான் சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம், உடம்போடு இருக்கும்போதே விடுதலை பெற்ற சீவன்முத்தரும் அடியாரோடு கூடி, திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழ வேண்டும் என்று விதிக்கிறது.