சொற்காவல்

உலகிற் சொல் பிறத்தல் எளிது, நிலைபெறுதல் அரிது. தில்லையில் ஓரறையிற் பூட்டிவைத்த தேவார ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்து ஒழிந்தமையைத் திருமுறைகண்ட வரலாறு கூறும். சுவடிகளிற் காணப்பெறாதிருந்த திருவிடைவாய்ப் பதிகமோ, அவ்வூர்க் கோயிற் கல்வெட்டினின்று பிற்காலத்தே வெளிப்பட்டது. ஓரிடத்தே பூட்டியது அழிந்தது. சிற்றூர்ச் சுவரிற் பொறித்தது எஞ்சிற்று.

இக்காலத்து மக்கள் தம் சொற்களை இணையத்தின்கண் ஒருசில பெருவணிக நிறுவனங்களிடம் ஒப்படைத்துள்ளனர். முகநூல், யூடியூப் முதலியன விளம்பரத்தால் ஊதியம் பெறுவன. ஆதலின், காண்போரை நெடும்பொழுது பிணிப்பதனையே முற்படுத்துவன. 2024 ஜூன் திங்களிற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் அடுத்த ஊர்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சின்னாள் அச்செய்தி எங்கும் பரந்தது. பின்னர்ப் புதுச்செய்திகளின் கீழ் அமிழ்ந்தது. தந்தையை இழந்த மகாரின் துயர் அங்ஙனம் அமிழ்வதன்று. எதனை நினைத்தல் வேண்டும் என்பதை அளக்குங் கோலை வணிகர் கையிற் கொடுத்தல் தகுமோ? கடை மூடின் சரக்கும் மாயும். 2019-இற் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, அதன்கண் எழுதினோர் எழுத்துக்களும் நீக்கப்பட்டன.

இதற்கு மாற்றாக எழுந்தவற்றுள் ஒன்று 2016-இல் தோன்றிய மாஸ்டடான். அது தனியொரு நிறுவனத்தின் உடைமையன்று. பற்பல குழுவினர் தத்தம் கணிப்பொறிகளில் அதனை நிறுவித் தாமே விதி வகுப்பர். 2018-இல் வகுத்தமைந்த ஆக்டிவிட்டிபப் என்னும் பொதுநெறியால் அவை ஒன்றோடொன்று உரையாடும். ஊர்க்கோர் ஏரியாய், ஓர் ஏரியின் மிகைநீர் மற்றோர் ஏரிக்குச் செல்லுதல் போல்வது இம்முறை.

அங்ஙனமாயின், சொல் சிறு குழுக்களிடத்தே பிரிந்து வாழின் நன்மையே விளையும் எனின், அற்றன்று. 2022 ஜூலை 17-ஆம் நாள் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு மாணவியின் இறப்பை முன்னிட்டுப் பெருங்கூட்டம் பள்ளியுட் புகுந்து பேருந்துகளைக் கொளுத்திற்று. அக்கூட்டம் திரண்டது வாட்சப் குழுக்களின் வழியே. குழுக்கள் சிறியன, ஆயினும் ஆராயாது அனுப்பிய செய்திக்குப் பொறுப்பேற்பார் இலராயினர்.

சார்ந்ததன் வண்ணமாய் நிற்றல் உயிரின் இயல்பு. ஆதலின், சாரும் இடம் பெரிதோ சிறிதோ என்பதனினும், அதற்குக் காவலர் உளரோ என்பதே ஆராயற்பாலது. மாஸ்டடானில் ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு பொறுப்பாளர் உளர். நஞ்சு கலந்த நீரை மதகடைத்துத் தடுத்தல்போல, தீமொழி பரப்பும் குழுவின் தொடர்பை அவர் அறுத்தல் கூடும். அறுத்தது முறையன்றெனக் கருதுவார் வேறொரு குழுவிற்குப் பெயர்தலும் கூடும். இவ்விரண்டும் பெருந்தளங்களில் எளியவர்க்கு வாய்ப்பன அல்ல.

ஆயின், விலையின்றி வருவதொன்றில்லை. கணிப்பொறிக்குப் பொருளும், காவலுக்குப் பொழுதும் யாரேனும் ஈதல் வேண்டும். பண்டு ஏரிகளைக் காத்தது குடிமராமத்து; ஊரார் தம் உழைப்பால் வண்டலை அகற்றிக் கரையை உயர்த்தினர். அத்தகைய உழைப்பிற்கு இசைவார் உளராயின் ஊர்தோறும் சொல் வாழும். இலராயின் ஏரி தூர்ந்துபோம். மக்களும் நீர்வேட்கையால் மீண்டும் வணிகர் வாயிலிலேயே நிற்பர்.