590 ரூபாய்

போன வருசம் ஆடி மாசம். ஆவாரம்பாளையத்தில் இருக்கும் அப்பாவின் லேத் பட்டறை வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். வயசு இருபத்து மூன்றுக்கு மேல் இருக்காது. என் பேரைச் சொல்லி, "பைக் லோன்ல 6,840 ரூபாய் நிக்குதுங்க. இன்னைக்குக் கட்டச் சொல்லுங்க" என்றான். வேலையில் இருந்த ரெண்டு அண்ணன்களும் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்தக் கடனை நான் 2023 ஜனவரியிலேயே கட்டி முடித்திருந்தேன். என்ஓசி வாங்கி, ஆர்சி புக்கிலிருந்து கம்பெனி பேரை எடுக்காமல் விட்டது என் சோம்பேறித்தனம். 2022 மார்ச்சில் ஒரே ஒரு தவணை, பேங்கில் பணம் இல்லாமல் பவுன்ஸ் ஆனது. மறுநாளே 3,120 ரூபாயை யுபிஐயில் அனுப்பிவிட்டேன். ரசீது இன்றும் ஃபோனில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் என் லோன் கணக்கில் ஏறவே இல்லை. ஏறாத தவணை, அதற்குத் தாமதக் கட்டணம், அது இது என்று எல்லாம் சேர்ந்து 6,840 ஆகியிருந்தது.

சாயங்காலம் அப்பா சொன்னார்: "கட்டிப்போட்டு வேலையப் பாரு கண்ணு. இந்தக் காசுக்குப் பட்டறை வாசல்ல ஆள் வந்து நின்னா நம்ம நாணயம் என்னாகறது?"

நாணயம். கையில் இருக்கும் காசுக்கும் மனுசனின் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல். கோவையில் பட்டறைத் தொழில் ஓடுவதே அதை வைத்துத்தான். சரக்கு இன்று போகும், பணம் ரெண்டு மாசமோ மூணு மாசமோ கழித்து வரும். நடுவில் இருப்பது வாய்ச்சொல். அப்பாவின் பயம் எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதில் நடைமுறை நியாயமும் இருந்தது. ரெண்டு நாள் லீவு போட்டு அலைந்தால் எனக்கு ஆகும் நஷ்டமே ஏழாயிரத்தைத் தொடும். கட்டினால் நிம்மதி. ஆனால் நான் பட்டிராத கடனைக் கட்டுவது நாணயத்தில் சேருமா?

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதல் பகுதியில் செஃபலஸ் என்ற வசதியான முதியவர் வருகிறார். நீதி என்றால் என்ன என்ற பேச்சு அவரிடம்தான் தொடங்குகிறது. உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பித் தருவதும்தானே நீதி என்று அவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு சாக்ரடீஸ் ஒரு கேள்வி கேட்பார்: நல்ல புத்தியில் இருந்தபோது ஆயுதத்தைக் கொடுத்து வைத்த நண்பன், புத்தி பேதலித்தபின் வந்து கேட்டால் கொடுப்பீர்களா? கல்லூரியில் படித்தபோது அது கெட்டிக்காரத்தனமான கேள்வியாக மட்டும் தெரிந்தது. இப்போது வேறொன்று உறைத்தது. அந்த முதியவர் ஒன்றாகச் சொன்ன ரெண்டும் எனக்கு எதிரெதிராக நின்றன. கேட்டதைக் கொடுத்தால், "ஆமாம், அந்த மாசம் நான் கட்டவில்லை" என்ற பொய்யை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கடன் என்பது பணமாவதற்கு முன்னால் ஒரு கூற்று. போன காலத்தில் இன்னது நடந்தது என்று ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் ஆமோதிக்கிறார். ஆமோதிக்க முடியாதவனின் பேச்சைக் கேட்க ஆளே இல்லாதபோதுதான் கடன் மனுசனைத் தின்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கு இரையானது. வாங்கியதைவிட அதிகமாகவே கட்டிவிட்டோம் என்று பலமுறை மனு கொடுத்தவர்கள். அதிக வட்டிக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. என் 6,840 ரூபாயை அதன் பக்கத்தில் வைக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு ரசீது இருந்தது, மெயில் எழுதத் தெரிந்தது, லீவு எடுக்க முடிந்தது. இந்த மூன்றும் இல்லாதவருக்கு நிம்மதியின் விலை இன்னும் கூடுதல்.

அப்பாவிடம் ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்தினேன். நான் பள்ளிக்கூடம் போன காலம். ஒரு பம்ப் கம்பெனி 40 ஷாஃப்ட்டுகளை ரிஜெக்ட் செய்து டெபிட் நோட் போட்டுவிட்டது. அப்பா மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய், குவாலிட்டிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பதையும் அளந்தார். 12 ஷாஃப்ட் நம் தப்பு என்று ஒப்புக்கொண்டார். மீதி 28-க்கு ஒரு பைசா விடவில்லை. "அன்னைக்கு மொத்தத்தையும் தப்புன்னு ஒத்துக்கிட்டு வந்திருந்தா அது நாணயமாப்பா?" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீயும் அளந்து பாரு" என்றார்.

அளந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கம்பெனி அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் பவுன்ஸ் சார்ஜ் 500, ஜிஎஸ்டி 90 என்று ஒரு வரி இருந்தது. அது சரிதான். அந்த மாசம் பவுன்ஸ் ஆனது நிஜம். அந்த 590 ரூபாயை நான் கட்டவே இல்லை.

வழக்கறிஞராக இருக்கும் நண்பன் சிரித்தான். "மூணு வருசம் தாண்டிருச்சுடா. அந்த 590-க்கும் அவங்க கோர்ட்டுக்குப் போக முடியாது. விட்டுரு." அவன் சொன்னது காலவரையறைச் சட்டம். ஆனால் சட்டம் அதோடு நிற்கவில்லை. காலாவதியான கடனையும் கட்டுகிறேன் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும் என்கிறது 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். கோர்ட்டின் கதவு மூடினாலும் கடன் செத்துவிடுவதில்லை. கேட்கும் உரிமைதான் ஓய்கிறது, கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதாகவே இருக்கிறது. "கட்டறதுன்னா எதை ஒத்துக்கற, எதை ஒத்துக்கலைன்னு தெளிவா எழுது" என்று மட்டும் நண்பன் எச்சரித்தான்.

எழுதினேன். 590 என்னுடையது, 6,250 என்னுடையதல்ல, இதோ ரசீது. கிரெடிட் ரிப்போர்ட்டிலும் புகார் பதிந்தேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது.

நான் பட்ட இன்னொரு கடன் அந்தப் பையனிடம். அவன் வந்துபோன அன்றே ஃபோன் போட்டு, காலை எட்டு மணிக்கு முன்னாலும் இரவு ஏழு மணிக்குப் பின்னாலும் கூப்பிடக்கூடாது, குடும்பத்தார் முன் அவமானப்படுத்தக்கூடாது என்ற 2022 சுற்றறிக்கையை அவனிடம் கத்தினேன். கூடவே ஒரு கெட்ட வார்த்தையும். அவன் பொறுமையாகச் சொன்னான்: "எனக்கு வர்ற லிஸ்ட்ல பேரும் தொகையும்தானுங்க சார் இருக்கும். என்ன கணக்குன்னு எனக்கே தெரியாதுங்க." கணக்குத் தெரிந்தவர் முகம் காட்டுவதில்லை, முகம் காட்டுகிறவனுக்குக் கணக்குத் தெரிவதில்லை. நான் திட்டியது தெரியாதவனை. ரெண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங் சார், தினமும் கேக்கறதுதானுங்" என்றான். அந்தப் பதிலால் அந்தக் கடன் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நாற்பது நாள் கழித்து மெயில் வந்தது. 3,120 ரூபாய் எந்தக் கணக்கிலும் சேராமல் கிடந்ததாம். அதைச் சேர்த்து, தாமதக் கட்டணங்களையும் எடுத்துவிட்டார்களாம். வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. அன்றே 590 கட்டினேன். அடுத்த வாரம் என்ஓசி வந்தது.

பட்டறைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். லேத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ரசீது வாங்கினியா?" என்றார்.